மஞ்சள் மழைக்கோட்டு

இது எனக்கு நடந்தது. போன நவம்பர், இரண்டாவது ஞாயிறு. செல்போனில் மணி பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நானும் புவனேஸ்வரியும் திண்டுக்கல்லில் கல்யாண போட்டோ எடுப்பவர்கள். வேலையில்லாத ஞாயிறுகளில் சிறுமலைக்குப் போய்க் காட்டுப்பூக்களைப் படம் எடுப்போம். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு எனக்கு வடமதுரையில் கல்யாண வேலை; அவள் மட்டும் போய் ஒரு பூவைப் படம் எடுத்து வந்தாள். வெள்ளை இதழ், நடுவில் ரத்தத் துளி மாதிரி சிவப்பு. அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வயிறு எரிந்தது. அவளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"எந்த இடத்துலடி எடுத்த?"

"வேணாம் நர்கீஸு. அந்தப் பக்கம் போகாத."

அவளுக்கு மட்டுமா அந்தப் பூ?

அந்த நவம்பர் ஞாயிறு, அவளிடம் சொல்லாமல் கிளம்பினேன். காலை 6:40. சிறுமலை ரோட்டில் பதினேழாவது வளைவு. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

பாதையோரம் முதுகு காட்டியபடி, மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு உருவம். புவனாவின் கோட்டு. எனக்கு முந்தி வந்துவிட்டாள்!

அவள் வண்டி எங்கும் இல்லை. ஆத்திரத்தில் அதை நான் யோசிக்கவில்லை.

காட்டுக்குள் இறங்கினாள். பின்னாலேயே போனேன். என் காலடியில் சுள்ளிகள் முறிந்தன. அவள் காலடியில்... ஒரு சத்தமும் இல்லை.

6:58. ஒரு பாறையருகே குனிந்தாள். நிமிர்ந்தாள். பனிக்குள் மறைந்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே பூ. ஒன்றே ஒன்று.

பதினோரு படம் எடுத்தேன். பிறகு செய்ததைச் சொல்லவே கூசுகிறது. பூவைக் காம்போடு கிள்ளினேன். இனி அவள் எடுக்கக் கூடாது.

ஹ்ம்ம்ம்...

கழுத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு.

திரும்பினேன். மஞ்சள் கோட்டு.

மரம், பாறை, என் முடி... எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அந்தக் கோட்டில் ஒரு துளி இல்லை.

"புவனா...?"

தொப்பி மெல்ல நிமிர்ந்தது.

உள்ளே முகம் இல்லை.

கை மட்டும் நீண்டது. உள்ளங்கை மேலே.

பூவைக் கேட்டது.

வீசினேன்.

ஓடினேன்.

7:21. ரோட்டுக்கு வந்து புவனாவுக்குப் போன் போட்டேன்.

"எங்கடி இருக்க?"

"ஒட்டன்சத்திரத்துல, மாமியா வீட்டுல. ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

அழுதுகொண்டே சொன்னேன்.

"ஆகஸ்டுல அந்தப் பூவ எடுத்தன்னைக்கு நான் தனியா போகல நர்கீஸு. எனக்கு முன்னாடி நீ போன. நீல சுடிதாரு, உன் நடை. வடமதுரையில கல்யாணம்னு பொய் சொல்லிட்டு எனக்கு முந்தி வந்துட்டன்னு நெனச்சேன். எனக்கும் வயித்தெரிச்சல்தான்டி. கூப்பிடாமயே பின்னாடி வந்தேன். நீதான் அந்தப் பூகிட்ட கொண்டாந்து விட்ட. அப்புறம் நீ திரும்புன..."

அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்ன அந்த ஞாயிறு, நான் வடமதுரையில்தான் இருந்தேன். விடிகாலையிலிருந்து மத்தியானப் பந்தி முடியும்வரை மண்டபத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை.