வேலாயுதத்துக்காக நிறுத்திய மின்சாரம்

மஸ்கட்டில் வேலாயுதம் மாரடைப்பில் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது, கள்ளக்குறிச்சி துணைமின் நிலையத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அழுவதற்கு முன்னால் ஒரு கணம், இனி யாரும் என்னை அவனோடு ஒப்பிட மாட்டார்கள் என்று தோன்றியது. கூடப் படித்த உங்களிடம் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மஸ்கட் வேலைக்கான ஒரே நேர்முகத் தேர்வுக்கு இருவரும் சென்னை போனோம். அவனை எடுத்துக்கொண்டார்கள், என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வெளிநாட்டில் பெரிய பெரிய மின்நிலையங்களை ஓடவைத்தான். நான் கரும்புத் தோட்டத்து மோட்டார் ஓடாததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறையில் அவன் வந்திருந்தபோது, கல்வராயன் மலைக்குப் போகும் மின்பாதை மூன்று நாளாக அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. நான் ஆட்களை விட்டு வழியெல்லாம் கிளை வெட்டினேன். அவன் மலையேறவே இல்லை. கோளாறு வந்தால் பாதையைத் துண்டிக்கும் ரிலேயைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இன்னாடா, செட்டிங்க கம்மியா வெச்சிட்டு மரத்த வெட்டிகினு கீற?” கோளாறே இல்லாமல் துண்டிக்கும் அளவுக்குக் கம்மியாக வைத்தவன் நான்தான். அன்றிலிருந்து என் லைன்மேன்கள், “மஸ்கட் சாரு எப்பங்க வருவாரு?” என்று என்னிடமே கேட்பார்கள். வயிறு எரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் போன் செய்தான். “வெயிலு தாங்கலடா. ஊருக்கே வந்துடறேன். ரிலே டெஸ்டிங்குக்கு ஆளு வேணுமா?”

அந்த வாரம்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம். “இங்க ஒண்ணும் இல்லடா, அங்கயே இரு” என்றேன்.

“நீ சொன்னா செரிடா.”

மஸ்கட்டிலிருந்து உடல் வந்த அன்று, அவன் ஊரான எலவனாசூர்கோட்டையில் அவனுக்கு உயரமாகப் பூத்தேர் கட்டியிருந்தார்கள். தெருக்கம்பியில் உரசும் என்று, மின்சாரத்தை நிறுத்த என் பெயரில் லைன் கிளியர் வாங்கினேன். வாங்கியவனே திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் மின்சாரம் விடக் கூடாது. “வேற எவன் சொன்னாலும் சுவிட்ச தொடாத” என்பான் வேலாயுதம். லைன்மேன்கள் தேருக்குப் பின்னால் அழுதுகொண்டே போனார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அப்போதும் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

தேர் கிளம்பும் முன் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வூட்டுக்கே வந்துடணும்னுதான் இருந்தாருண்ணா. நீங்க வேணான்னீங்க, உங்க பேச்ச தட்டமாட்டேன்னு உட்டுட்டாரு.” அவள் குறையாகச் சொல்லவில்லை.

தேர் கடந்ததும் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தேன். தெருவுக்கு மின்சாரம் வந்தது. அவனிடம் சொன்ன பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அது இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது.