பாஸ்டர் டன்சோ அடக்கம் செய்த பெயர்

டன்சோ என்ற பெயரை ஞானமலர் முதன்முதலில் கேட்டது ஓர் எச்சரிக்கையாகத்தான். ஹம்பேர்க்கில் கத்தோலிக்கக் கோயிலோடு ஒட்டிய மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்தால் வடையும் தேத்தண்ணியும் அந்த மண்டபத்தில்தான். பங்கு அலுவலகத்தில் இருந்த பெண் ஒருநாள் மண்டபக் கதவின் இரண்டாவது திறப்பை மேசையில் வைத்து, இனி ஞாயிறு பின்னேரங்களில் டன்சோ என்று ஒரு பாஸ்டர் வருவார், கானா நாட்டு ஆட்கள், சத்தம் கூடினால் எனக்குச் சொல்லுங்கள் என்றாள். ஞானமலர் தலையாட்டினாள். சொல்லத்தான் போகிறேனாக்கும் என்று உள்ளே நினைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் தமிழர் சமைத்தால் மணக்கிறது என்று எத்தனை பேர் போய் எங்கெங்கெல்லாம் முறைப்பாடு சொன்னார்கள்.

வந்தவர் நெடுத்த மனிதர். ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, மினுங்கத் துடைத்த சப்பாத்து. ஆனால் கை மட்டும் வெந்து சுருங்கிய கை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் தொழிற்சாலையில் வேலை என்று பிறகு தெரிந்தது.

ஞானமலருக்கு ஒரு பழக்கம். யாரைக் கண்டாலும் ஆற்றை பிள்ளை, யார் வீட்டு ஆள் என்று கேட்டுவிடுவாள். மன்னார், பேசாலையில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி லூயிசின் நாலாவது மகள் அவள். அந்த ஊரில் யாருக்கு யார் சகலன், யாரை யார் ஞானஸ்நானத்துக்குத் தூக்கினது என்பதெல்லாம் இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பாஸ்டரிடமும் தனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் அதையே கேட்டாள். அவருக்கும் உடைந்த ஜெர்மன்தான். இரண்டு உடைசலும் எப்படியோ பொருந்தி வந்தன. அவர் சொன்னதையெல்லாம் அவள் தன் தமிழிலேயே ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"என்ரை அம்மா குமாசிச் சந்தையிலை சீலை வித்தவ, அன்ரி. நான் சனிக்கிழமைப் பிள்ளை. அதாலை குவாமே."

"அதென்ன சனிக்கிழமை?"

"எங்கடை ஆக்களுக்குப் பிறந்த கிழமைதான் முதல் பேர். ஞாயிறெண்டால் குவாசி. வியாழனெண்டால் யாவ். வெள்ளியெண்டால் கோஃபி. உயிர் அந்தக் கிழமையிலைதான் இறங்கி வருது. அந்தப் பேரிலை கூப்பிட்டால்தான் திரும்பிப் பாக்கும்."

"இது வேதத்திலை கிடக்கோ, பாஸ்டர்?"

அவர் சிரித்தார். "இல்லை அன்ரி. இது அம்மாட்டை இருந்து வந்தது. சபையிலை நான் இதைச் சொல்லுறேல்லை."

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்துவிடும். விடுதிகளில் அறை துடைக்கும் பெண்கள், துறைமுகத்துக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் ஆண்கள். கிழமை முழுக்கக் குனிந்தவர்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நிற்பார்கள். மேளம் அடிப்பது குவாசி டார்கோ என்ற ஒருவன். ஞானமலரின் பெரிய தேத்தண்ணிக் கிடாரத்தைப் படியால் இறக்கித் தருவதும் அவன்தான். அவனையும் அவள் கேட்டு வைத்திருந்தாள். டார்கோவின் ஒரே மகன், தாய் செத்துப் பல காலம்.

ஞானமலரின் புருசன் ஜேசுரட்ணம் அவளைக் கூட்டிப்போக வந்தால் காரை விட்டு இறங்கமாட்டார்.

"உன்ரை பாஸ்டரின்ரை கடவுளுக்குக் காது கேக்காதோ? இந்த அடி அடிக்கினம்."

"இஞ்சேரப்பா, நீங்கள் பூசையிலை குறட்டை விடுற சத்தத்தை விட இது பரவாயில்லை."

பாஸ்டருக்குச் சபையால் வருமானம் என்று ஒன்றுமில்லை. வேலைதான் இருந்தது. விசாக் கந்தோரில் டெர்மின் என்று நாள் குறித்துக் கிடைத்தவனோடு விடியவே போய் நிற்கவேண்டும். தாய் ஏசுகிறாள் என்று கோபித்த பிள்ளையை ரயில் நிலையத்தில் தேடவேண்டும். இடுப்பு நோகிறவள், புருசன் வராதவள், பிள்ளை தங்காதவள் எல்லாரும் தலையில் கை வைக்கச் சொல்லுவார்கள். சுகம் வந்தால் ஆண்டவருக்குப் புகழ். வராவிட்டால் பாஸ்டரிடம் வல்லமையில்லை என்று அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போய்விடுவார்கள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காண்பதே கதவடியில்தான் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

இப்படி இருக்க, ஒரு இலையுதிர் காலத்தில் செத்தவீடு ஒன்று வந்தது.

அவர்களின் செத்தவீடு என்றால் சின்ன விசயமில்லை. கறுப்பும் சிவப்புமாய்ச் சீலை, செத்தவரின் படம் கதவளவுக்கு, உடலை ஊருக்கு அனுப்பப் பெரிய எடுப்பு. இந்தமுறை படம் இல்லை. உடல் ஊருக்குப் போகவுமில்லை. ஓயென்டோர்ஃப் சேமக்காலையில் பெட்டியை அவசரமாகத் தாட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றப் போயிருந்த ஞானமலர் வாசலில் நின்றாள். பாஸ்டர் முன்னால் நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, எங்கள் சகோதரன் குவாசி டார்கோ என்று சொன்னார்.

கடைசி வரிசையில், சுவரோரக் கதிரையில், மேளக்காரக் குவாசி உட்கார்ந்திருந்தான். கறுப்பு உடுப்பு. கண் நிலத்தில்.

ஞானமலர் பாஸ்டரைப் பார்த்தாள், திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். பிறகு தானே தன்னைச் சமாதானப்படுத்தினாள். பேசாலையில் ஒரே ஒழுங்கையில் மூன்று அந்தோனி இருக்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் எல்லாம் குவாசிதானே. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பாஸ்டரிடம் கோப்பையை நீட்டும்போது கேட்டுவிட்டாள்.

"ஆற்றை பிள்ளை, பாஸ்டர்? தாய்க்குச் சொல்லியாச்சோ?"

அவர் கோப்பையை வாங்கவில்லை. "தாய் இல்லை, அன்ரி" என்றார்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒன்று மாறிவிட்டது. குவாசி மேளத்துக்கு முன்னால் உட்காருவான், தட்டமாட்டான். பல்லு வீங்கி வைத்தியரிடம் போனபோது காப்புறுதிக் காட் வேலை செய்யவில்லையாம், நான் செத்துப் போனேனாம் அன்ரி என்று அவன் ஒருநாள் சிரித்துச் சொன்னான். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது. ஆள் உருகிக்கொண்டே போனான். சட்டைக்குள் ஆளில்லாத மாதிரி.

பாஸ்டர் எல்லாரும் போனபிறகு கதிரைகளை அடுக்குவார். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார், கடைசி வரிசைச் சுவரோரக் கதிரையை. ஞாயிறுக்கு ஞாயிறு அது அப்படியே நின்றது. கார்த்திகை மாதம், நாலு மணிக்கே இருட்டு. ஒருநாள் ஞானமலர் துடைப்பத்தோடு உள்ளே வந்தால், பாஸ்டர் அந்தக் கதிரைக்கு முன்னால் முழங்காலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மன்றாடுகிற குரல் அவளுக்குத் தெரியும். இது அதில்லை. இது கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கிறவனின் குரல்.

"பாஸ்டர், ஆரோடை கதைக்கிறியள்?"

அவர் எழும்பவில்லை. அப்படியே இருந்து சொன்னார்.

பெட்டிக்குள் இருந்தவன் யாவ் ஓஃபோரி. கடல் கடந்து இத்தாலி வந்து, அங்கிருந்து ஹம்பேர்க் வந்தவன். விசா இல்லை. குவாசி தன் விசாக் காட்டை அவனுக்குக் கொடுத்திருந்தான். அதைக் காட்டி யாவ் ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினான். ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு காலை யாவ் எழும்பவில்லை. அம்புலன்ஸ்காரர் காற்சட்டைப் பையில் காட்டைக் கண்டெடுத்தார்கள்.

"எனக்குப் போன் வந்து ஓடிப் போனன், அன்ரி. பொலிஸ் நிண்டது. கையிலை குவாசியின்ரை காட். பாஸ்டர், இவர்தானோ எண்டு கேட்டவை. குவாசி சுவரோடை ஒட்டி நிண்டு என்னைப் பாத்தான். உண்மையைச் சொன்னால் அவனைப் பிடிப்பினம். நான் வாய் திறக்கேல்லை. தலைதான் ஆடினது."

"ஆண்டவரே."

"குழியிலை இறக்கேக்கை குவாசி எண்டு கூப்பிட்டன். பின்னாலை உயிரோடை நிண்டவன் திரும்பிப் பாத்தான். உள்ளுக்கை கிடந்தவன் பாக்கேல்லை. அவன் வியாழக்கிழமைப் பிள்ளை. அவனுக்கு எப்பிடித் தெரியும், தன்னைத்தான் கூப்பிடுறாங்கள் எண்டு? அதுதான் இஞ்சை வந்து இருக்கிறான். இந்தக் கதிரையைத் தூக்கப் போனால் எனக்கு ஏலாமல் கிடக்கு. பாரம்."

ஞானமலர் கதிரையைப் பார்த்தாள். நீலத் துணி போட்ட சாதாரணக் கதிரை. அவள் அதைத் தொடவில்லை.

"தாய் இருக்கிறா" என்றார் பாஸ்டர். "குமாசியிலை. ஞாயிறு பின்னேரத்திலை எனக்குப் போன் எடுக்கிறா. மகன்ரை போன் வேலை செய்யேல்லையாம். வேற ஊருக்கு வேலைக்குப் போட்டான் எண்டு சொன்னன். பிறகு அவ அடிச்சால் நான் எடுக்கிறேல்லை. சொன்னால் அங்கை ஊரே அழும், அந்த அழுகை இஞ்சை வந்து சேரும். குவாசியை ஊருக்கு ஏத்துவினம். என்னையும் சபையையும் வெளியிலை போடுவினம். சொல்லாட்டில்..." கதிரையைக் காட்டினார்.

ஞானமலர் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தன் மூத்த தமையன் பென்ஜமின் ஞாபகம் வந்தான். கிழக்கு பெர்லின் வழியாக வந்து, பிரான்சுக்கென்று ஏஜென்சிக்காரனோடு போனவன். கையில் இருந்தது தியாகராசா என்ற ஒருவரின் பாஸ்போட். பிறகு ஒரு செய்தி காற்றில் வந்தது, எல்லைப் பக்கம் ஆற்றில் எடுத்த ஒருவரைத் தியாகராசா என்று சொல்லித் தாட்டார்களாம். எந்த ஊர், எந்தச் சேமக்காலை, யாருக்கும் தெரியாது. என்ரை பிள்ளையின்ரை பேர் அதில்லை என்று தாய் சாகுமட்டும் செத்த பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை.

இதை அவள் பாஸ்டரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆரோ ஒருத்தர் அண்டைக்குத் தலையாட்டியிருப்பினம்" என்றாள். "கெட்டவராய் இருந்திருக்கமாட்டினம். உங்களை மாதிரிப் பயந்த ஆளாய்த்தான் இருக்கும்."

பாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது கோட்டுப் பையில் போன் அடித்தது. யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்கோ, பாஸ்டர்."

"ஏலாது, அன்ரி."

"தாய்க்காரி கேக்கிறா. எடுங்கோ."

எடுத்தார். அவர்கள் பாசையில் அவர் மெதுவாகப் பேசினார். யாவ் என்ற பெயர் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வந்தது. ஞானமலருக்குப் பாசை விளங்கவில்லை, ஆனால் அந்தச் சத்தம் விளங்கியது. அது போனுக்குள் அடங்காமல் மண்டபமெங்கும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. கடைசி வரிசையில் கதிரை ஒன்று தரையில் உரசிய மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குவரை அதைப் புருசனுக்கும் சொன்னதில்லை.

குவாசியைக் கூட்டிக்கொண்டு பாஸ்டர் பொலிசுக்குப் போனார். "நான் செத்தவன்தானே, என்னை என்ன செய்யப் போயினம்" என்று குவாசி சொன்னானாம். விசாரணை நீண்டது. பாஸ்டருக்குத் தண்டம் விழுந்தது. இனி நம்ப முடியாது என்று பங்கு அலுவலகம் அவர்களுக்கு மண்டபத்தைப் பூட்டியது. திறப்பை ஞானமலர்தான் வாங்கி அலுவலகத்தில் கொடுத்தாள். சபையில் பாதிப்பேர், பொலிசுக்குப் போன பாஸ்டரோடு இருந்தால் எங்களுக்கும் ஆபத்து என்று போய்விட்டார்கள். அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது.

பதிவில் பெயர் திருத்தி வந்த அன்று சேமக்காலைக்குப் போனார்கள். ஞானமலரும் மெழுகுதிரியோடு போனாள். மரச் சிலுவையில் இருந்த தன் பெயரைக் குவாசி தானே பிடுங்கினான். ஈர மண், லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். புதுச் சிலுவையை நட்டதும் பாஸ்டர் குனிந்து, மண்ணுக்குக் கிட்ட வாயை வைத்து, யாவ் என்று கூப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

ஞானமலர் அவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அண்ணைக்கும் ஒருக்கால் மன்றாடுங்கோ, பாஸ்டர்."

"எங்கடை சபையிலை செத்தவைக்கு மன்றாடுறேல்லை, அன்ரி." கோட்டில் ஒட்டின மண்ணைத் தட்டினார். "ஆனால் பேரைச் சொல்லலாம். எந்தக் கிழமை பிறந்தவர்?"

அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத பிறப்பு அந்தக் குடும்பத்தில் இல்லை. "பெரிய வெள்ளி. கோயிலிலை சிலுவைப்பாதை நடக்கேக்கை அம்மாவுக்குப் பிள்ளைக்குத்து வந்தது."

பாஸ்டர் எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு தெற்கே திரும்பி, "கோஃபி பென்ஜமின்" என்றார். உரத்துத்தான் சொன்னார். தூரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெர்மன் கிழவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

மண்டபத்தை ஞானமலர் இப்போதும் துடைக்கிறாள். கதிரைகளை அடுக்கும்போது கடைசி வரிசைச் சுவரோரக் கதிரையைத் தூக்குவதில்லை. சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறாள். யாவ் போய்விட்டான் என்று பாஸ்டர் சொன்னார். வேறு யாரும் வந்து இருக்கிறார்களா என்று அவள் அவரிடம் கேட்கவில்லை.

குவாசியின் விசா வழக்கு இன்னும் முடியவில்லை. பாஸ்டர் டன்சோ இப்போது ஹார்புர்க்கில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். வெளுப்புத் தொழிற்சாலையில் அதே வேலை. ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டுக் குசினியில் எட்டோ ஒன்பதோ பேர் கூடுகிறார்கள்.