மழையை வைத வாய்

கோவில்பட்டிப் பக்கம் ஒருத்தி 'ஆபீஸுக்குப் போறேன்' என்று சொன்னால், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறாள் என்று யாரும் நினைத்துவிட மாட்டார்கள். தீக்குச்சி அடுக்கப் போகிறாள் என்று அர்த்தம். தீப்பெட்டித் தொழில் நடக்கிற இடத்துக்கு அந்தச் சீமையில் ஆபீஸ் என்றுதான் பேர். எட்டயபுரம் ரோட்டில் நாலாவது மைலில் சங்கிலிப்பாண்டிக்கும் அப்படி ஒரு ஆபீஸ் இருந்தது. இரண்டு தகரக் கொட்டகை, முன்னால் ஒரு சிமெண்டுக் களம், நாற்பது பெண்கள். குச்சியும் பெட்டியும் களத்து வெயிலில் காய்ந்தால்தான் பிழைப்பு. வெயில் ஒருநாள் முகம் காட்டாவிட்டால் சங்கிலிப்பாண்டியின் முகம் பார்க்கச் சகிக்காது.

ஆபீஸ் ஆரம்பித்தது எழுபதாம் வருஷம், கல்யாணமான புதிதில். "ஏட்டி, மூணே வருசம். ஒரு கெணறு வெட்டத் துட்டு சேந்துட்டா ஆபீஸை எவன் தலையிலயாவது கட்டிட்டு நம்ம நெலத்துக்கு வந்துருதேன்" என்று மனைவி ஆறுமுகத்தாயிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். துட்டு சேர்ந்தது. கிணறும் வெட்டினான். ஐம்பதடியில் தண்ணீர் வந்தது, வாயில் வைத்தால் உப்பு. மாடுகூட ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. சரி, கிணறு போகட்டும், சொந்தமாகக் கொட்டகை போட்டுவிட்டு வருகிறேன் என்றான். கொட்டகை வந்ததும் இன்னொரு கொட்டகை. அப்புறம் மோட்டார் சைக்கிள். பொங்கலுக்கு வியாபாரிகளுக்குக் கொடுக்க அவன் அச்சடித்த காலண்டரில் 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அச்சாபீஸ்காரன் போட்ட வாசகம் அது. சங்கிலிப்பாண்டி படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவன் பங்குக்கு ஆறு ஏக்கர் கரிசல் உண்டு. அண்ணன் சுடலைமாடன் தன் நிலத்தோடு சேர்த்து அதையும் உழுது விதைத்தான். களை எடுக்க ஆறுமுகத்தாய் போனாள். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

எண்பத்தொன்றில், மாசி மாசத்தில், பயிர்க் கணக்கு எழுத ஒருவர் வீட்டுக்கு வந்தார். "உம்ம ஆறு ஏக்கர்ல என்னய்யா நிக்கி?" என்று கேட்டார். சங்கிலிப்பாண்டிக்கு அது தெரியாது. பருத்தியா, கம்பா? மோட்டார் சைக்கிளில் தினம் இரண்டு தடவை அந்த நிலத்தைத் தாண்டித்தான் போகிறான். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்! உள்ளேயிருந்து ஆறுமுகத்தாய் குரல் கொடுத்தாள்: "பருத்தி. ஊடால உளுந்து போட்டோம், அதை எடுத்தாச்சு." வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் முழித்தவன் மாதிரி ஆகிவிட்டதே! யாருக்காக இந்தப் பதினோரு வருஷமும் பேயாக அலைந்தோம்? நிலத்துக்காக என்று சொல்லித்தானே ஆரம்பித்தோம்? துட்டு இருக்கிறது. சொந்தக் காட்டில் ஒரு நாள் நிற்கத்தான் நேரம் இல்லை. இதற்குப் பேர் முன்னேற்றம் என்றால் முன்னேற்றத்தைக் கொண்டுபோய் உப்புக் கிணற்றில்தான் தள்ள வேண்டும்.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனான். "அண்ணே, இந்தப் புரட்டாசி மழைக்கு நாலு நாள் ஆபீஸைப் பூட்டிருதேன். என் காட்டுல என் கையால வெதைக்கேன். அது நல்லபடியா அமைஞ்சா ஆபீஸை விட்டுட்டு ஒரேயடியா வந்துருதேன்."

சுடலைமாடன் முதலில் சிரித்தான். தம்பி சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "வால. ஒனக்குன்னு ஒரு வெதைப்பெட்டி எடுத்து வைக்கேன்" என்றான்.

கரிசலில் விதைப்பு என்பது நாம் நாள் குறித்துச் செய்கிற காரியம் இல்லை. நல்ல மழை ஒன்று பெய்ய வேண்டும். மண் காலை விடாமல் அப்பிக்கொள்ளும். இரண்டு நாள் பொறுத்தால் பதத்துக்கு வரும். அந்தப் பதம் நாலு நாள் நிற்கும், அவ்வளவுதான். விட்டால் மண் இறுகிவிடும். அதனால் ஆடி, ஆவணி முழுக்க ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டியும் பார்த்தான். காலையில் 'பெய்யாதா' என்று பார்ப்பான். களத்தில் பெட்டியைப் பரப்பியதும் 'பெய்துவிடுமோ' என்று பார்ப்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

புரட்டாசி இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. வடக்கே இருந்து வந்த பெரிய ஆர்டர் முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. களம் நிறையப் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் மேற்கே கறுத்தது. காற்று அடங்கியது. பெண்கள் சாக்கோடும் தார்ப்பாயோடும் ஓடுவதற்குள் மழை இறங்கிவிட்டது. பசை விட்டுப் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. சங்கிலிப்பாண்டி களத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி அடித்தொண்டையில் கத்தினான்:

"சனியன் புடிச்ச மழையே! நீ நாசமாப் போக! இன்னைக்குத்தானா வந்து தொலையணும்!"

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குச்சி அடுக்குகிற மாடத்தி கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள். "அய்யய்யோ மொதலாளி, மழையையா வையுதிய? கரிசக்காட்டுல பொறந்தவுக செய்யுத காரியமா இது?"

அப்போதுதான் அவன் வாசலைப் பார்த்தான். சுடலைமாடன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலைத்துண்டு நனைந்து முகத்தில் வழிந்தது. ஊர்ப் பக்கம் முந்தியே மழை இறங்கிய சந்தோஷத்தைத் தம்பியிடம் சொல்ல நாலு மைல் மிதித்து வந்திருந்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஏதோ ஆத்திரத்தில் வந்த வார்த்தை, அண்ணனுக்குத் தெரியாதா என்று சங்கிலிப்பாண்டி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். சொன்ன சொல் தவறக்கூடாது என்று, ஆர்டர் கெட்டால் கெடட்டும், வியாழக்கிழமையிலிருந்து நாலு நாள் லீவு என்று பெருந்தன்மையாக அறிவித்தான். "நீங்க விடாட்டியும் நாங்க வரமாட்டோம் மொதலாளி, எங்களுக்கும் வெதப்பு கெடக்குல்லா" என்றாள் மாடத்தி.

வியாழக்கிழமை விடியும்போதே குளித்துவிட்டுக் காட்டுக்குப் போனான். செருப்பை ரோட்டோரம் விட்டுவிட்டு ஈர மண்ணில் கால் வைத்தபோது உள்ளங்கால் கூசியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு ஏர் பூட்டி நின்றது. சாணியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பருத்தி விதை ஓலைப்பெட்டியில் இருந்தது. அதை எடுக்கக் குனிந்தான். சுடலைமாடன் பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளி வைத்தான்.

"நீ தொடாண்டாம்ல."

"என்னண்ணே?"

"மழையை வஞ்ச வாயோட வெதையைத் தொடக் கூடாது. ஊரு முழுக்க வருசம் பூரா அதுக்குத்தான் ஏங்கிக் கெடக்கு. நாசமாப் போன்னு சொல்லிட்டு, அது போட்ட ஈரத்துலயே வெதைக்க வாரியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"கிறுக்குத்தனமாப் பேசாதண்ணே. வார்த்தையில என்ன இருக்கு? பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் வந்திருக்கேன். என் நெலம்லா இது! பட்டா என் பேர்லதான இருக்கு?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. சுடலைமாடன் கோபப்படவில்லை. பெட்டியை எடுத்துக் கொண்டுவந்து தம்பியின் காலடியில் வைத்தான். "ஆமா, ஒன் நெலந்தான். வெதைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏரிடம் போனான்.

சங்கிலிப்பாண்டிக்கு இந்த மாதிரி விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் சரக்கு ஏற்றுகிற ஆள். ஆனாலும் கை போகவில்லை. முளைக்காமல் போய்விட்டால்? ஊர் சொல்வது இருக்கட்டும், மழையை வைததுதான் காரணமென்று தானும் நம்பிவிடுவோமே என்று பயமாக இருந்தது. தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. கையில் இருக்கிற துட்டுக்கு நாலு ஜோடி மாடு வாங்கலாம். இந்தப் பெட்டிக்குள் கையை விட முடியவில்லை. மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆறுமுகத்தாய் வந்தாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்பம் நான் என்னட்டி செய்ய?"

அவள் நின்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ஒங்களுக்கு இங்கன என்ன வேலைன்னு எனக்குத் தெரியலியே" என்று சொல்லிவிட்டு ஏருக்குப் பின்னால் நடந்தாள். விதை அவள் கையிலிருந்து ஒரே சீராக விழுந்தது.

கொஞ்ச நேரம் உடைமரத்து நிழலில் நின்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினான். எட்டயபுரத்திலிருந்து வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. "என்ன மொதலாளி, ஆபீஸுக்கா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல, லீவு" என்றான்.

பஸ் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாள் லீவில் முதல் நாள், மணி இன்னும் எட்டுகூட ஆகவில்லை.