அப்பா வாசித்ததாக நான் போட்ட வீடியோ

அப்பாவுக்குச் சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் பர்மனென்ட் வேலை. முகூர்த்த நாட்களில் லீவு போட்டுவிட்டு நாதஸ்வரம் வாசிக்கப் போய்விடுவார். முதல் வேலைக்குச் சாட்சியாக, ரிடையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோ என் குவார்ட்டர்ஸில் தொங்குகிறது. இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை. டவுன்ஷிப்பில் எத்தனையோ பேர் தாலி கட்டியபோது அவர்தான் வாசித்தார். அவர்களும் ரிடையர் ஆகி, வீட்டைக் காலி செய்து, சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அப்பா போன பிறகு, அவர் வாசிப்பைப் பற்றிப் பேச இங்கே ஆளே இல்லை.

முதல் வருஷத் திதிக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, கடைசியில் காடாம்புலியூரில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்திடம் அவர்கள் கல்யாண வீடியோ கேசட் கிடைத்தது. கடலூரில் கொடுத்து போனில் பார்க்கிற மாதிரி மாற்றினேன். முகூர்த்தம் வருகிறது. இளம் வயது அப்பா, கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். நான் அழுதுவிட்டேன். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டு, ‘இந்தக் குழைவு என் அப்பாவைத் தவிர யாருக்கும் வராது’ என்று கீழே எழுதினேன். பெரிய சங்கீத ரசிகன் மாதிரி.

எங்கெங்கிருந்தோ பழைய டவுன்ஷிப்காரர்கள் எழுதினார்கள். இந்த வாசிப்போடுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது, அப்படியே காதில் நிற்கிறது என்றெல்லாம். அப்பாவின் பெயர் பிழைத்துவிட்டது, பிழைக்க வைத்தது நான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் அதிகம் நினைத்தேன்.

திதியன்று சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர்கள் முன்னால் டிவியில் அதைப் போட்டேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நல்லாத்தான் கீது. யாரு வாசிக்கிறது?”

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வயசாகிவிட்டதல்லவா என்றாள் சித்தி. நான் அம்மா காதருகே குனிந்து, அப்பாதான் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிப்பா என்றாள். அம்மாவை ஞாபக மறதிக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வந்தவர்கள் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஆளு அவருதான். சத்தம் அவருது இல்லடா.”

அவளுக்குப் புரிய வைப்பதற்காக மறுபடி போட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஓரிடத்தில் அப்பா நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்து, துண்டால் முகம் துடைத்து, தவில்காரரிடம் ஏதோ சொல்கிறார். மேடையில் வேறு நாதஸ்வரம் கிடையாது. வாசிப்பு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் என் கண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன், அவரைப் பார்க்கவில்லை.

வீடியோ எடுத்தவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். கல்யாண வீட்டுச் சத்தத்தில் கூச்சலும் பாத்திரம் உருட்டுவதும்தான் கேட்குமாம்; அதனால் ரிசப்ஷனுக்கு சினிமாப் பாட்டு, முகூர்த்தத்துக்குக் கடையில் விற்கிற மங்கள இசை கேசட் என்று மேலே சேர்த்துவிடுவார்களாம். “எல்லா வூட்டுக்கும் அதே கேசட்டுதாங்க,” என்றார். அப்பாவின் சத்தம் இருந்த ஒரிஜினல் டேப்பை அழித்து, அடுத்த கல்யாணத்துக்கு உபயோகித்துவிட்டார்கள்.

எழுதிய மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூட்டத்தில் ஒருநாள் கேட்டவர்கள். நான் அவர் பெற்ற பிள்ளை. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பக்கத்து வீடுகளில் பகலில் தூங்குவார்கள் என்று அப்பா குவார்ட்டர்ஸில் வாசிக்கவே மாட்டார். அம்மாவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து முந்திரித் தோப்புக்குப் போய்விடுவார். நாங்கள் வீட்டில் பாடம் படிப்போம். கல்யாணங்களுக்குப் போனாலும் நான் நேரே பந்திக்குத்தான் போவேன்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அம்மாவைக் கேட்டேன்.

“அவரு இவ்ளோ நல்லா வாசிக்க மாட்டாருடா. மேல போவ போவ மூச்சு பத்தாது. பாதியிலயே எறங்கி, கீழயே சுத்திக்கினு இருப்பாரு. எனக்கு அதான் புடிக்கும்.”

யாரோ ஒருவரின் நீண்ட மூச்சை அப்பாவின் வாயில் வைத்து ஊருக்கே காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மறுநாள் வீடியோவை எடுத்துவிட்டு, அது என் அப்பாவின் வாசிப்பு இல்லை, அவர் எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிப் போட்டேன். அந்தப் பின்பாதியை எழுதத்தான் லேசில் கை வரவில்லை.

எடுத்துவிட்டேன் என்றதும் அம்மா பதறிப்போனாள். போனிலும் இல்லையா என்றாள். இருக்கிறது என்றேன்.

“அப்ப சத்தத்த அமுத்திட்டுப் போடு.”

போட்டேன். போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு அவர் விரல்களையே பார்த்தாள். அவள் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. ஓரிடத்தில், இப்ப எறங்குவாரு பாரு என்றாள். அப்பாவின் விரல்கள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் துளைகளை மூடிக்கொண்டு வந்தன. அம்மா சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். எனக்கு ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.