கன்மேன் காட்டிய வழி

அந்த வங்கி வாசலில் இருபத்திரண்டு வருஷமாக இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்பவரை எல்லோரும் கன்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். ஆள் பரம சாது. வீட்டில் கரப்பான்பூச்சி தென்பட்டால் மனைவியைத்தான் கூப்பிடுவார்.

துப்பாக்கியில் தோட்டா கிடையாது. அது மேனேஜர் பீரோவில் இருக்கிறது. பீரோச் சாவி எங்கே என்பது நாலு மேனேஜருக்கு முன்னாலேயே மறந்துபோன சங்கதி. ஆனால் துப்பாக்கியை எப்போதும் இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு கையும் மாட்டிக்கொண்டால், வழி கேட்பவர்களுக்கு மனுஷன் எதால் காட்டுவான்? குழலால்தான் காட்டினார். பாஸ்புக் என்றால் குழல் இடப்பக்கம் திரும்பும். செக் என்றால் நடுவில். லாக்கர் என்றால் மாடிப்படி. வரிசையில் யாராவது முண்டினால் அவர் நெஞ்சுக்கு நேரே லேசாக ஓர் ஆட்டு ஆட்டுவார். ஊருக்கும் அது பழகிவிட்டது.

புதிதாகக் குடிவந்த கண் டாக்டரம்மாவுக்குப் பழகவில்லை. லாக்கர் எங்கே என்று கேட்டார். குழல் அவர் மூக்கு நுனியைத் தாண்டி மாடிப்படிக்குப் போயிற்று. டாக்டரம்மா மாடிக்குப் போகாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆளைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டினாலே குற்றம் என்று இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினார். தண்டனை கிடைத்தால் லைசென்ஸ் போகும், வேலையும் போகும்.  அந்த வாசலைத் தவிர வேறெங்கும் கன்மேன் நின்றதே இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு வீம்பு.

"என்னைப் பாத்து யாருங்க பயப்படுவாங்க?" என்று பார்த்தவர்கள் எல்லோரிடமும் புலம்பித் தீர்த்தார்.

வழக்கன்று அவர் பக்கம் சாட்சி சொல்ல சைக்கிள் கடைக்காரர் வந்தார். பதினைந்து வருஷமாக அந்தக் குழல் காட்டிய திசையில்தான் போய்வருவதாகவும், ஒரு நாளும் தப்பான கவுன்ட்டரில் நின்றதில்லை என்றும் பெருமையாகச் சொன்னார். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படி என்னதான் காட்டினார், செய்து காட்டட்டும் என்றார். கான்ஸ்டபிள் துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்து, காலி என்று சபைக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டு அவர் கையில் கொடுத்தார்.

கன்மேன் பழைய வழக்கப்படி குழலை இடமிருந்து வலமாக ஒரு சுற்று ஓட்டினார்.

நீதிபதி மேஜைக்கு அடியில் போனார். இரண்டு வக்கீல்களும் ஒரே நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். காலி என்று அறிவித்த கான்ஸ்டபிள் கதவுக்கு வெளியே நின்றார். சைக்கிள் கடைக்காரர் மட்டும் குழல் போய் நின்ற திசையைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் நீதிபதியின் தனி அறைக்குள் நடந்தார்.

கன்மேனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் கடைசி பெஞ்சு கண்ணில் பட்டது. அங்கே அவர் மனைவி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள்.  துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"தப்புதாங்க ஐயா. ஒத்துக்கறேன்" என்றார்.

நீதிபதி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, லைசென்ஸை ரத்து செய்தார். நல்ல மனுஷர் என்பதால் சிறை வேண்டாம், எச்சரிக்கையே போதும் என்றார். மேனேஜரும் இரக்கப்பட்டார். அதே வாசலில் நின்று இனிமேல் கையால் வழி காட்டட்டும் என்று சொல்லிவிட்டார்.

வேலை பிழைத்தது.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கன்மேன் மனைவியிடம் கேட்டார்.

"அதுல குண்டு இல்லேன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "என் உடம்புக்குத் தெரியலையே."