மூன்றாவது சிலிண்டர் மேல் போட்ட பழி

ஸ்கேனரில் ஒரு எண் தெரிந்ததும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பி0203 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் இருக்கும் மின்சுற்றில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சுற்று என்றால் வயர், அதை இன்ஜெக்டரில் செருகும் பிளக், வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதானே? இதைப் பாலிடெக்னிக்கில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் வயரில் கோளாறைத் தேடினால் நேரம் போகும், இன்ஜெக்டரை மாற்றினால் பில் ஏறும்.

என் வீட்டுக்காரருக்கு வுங் டாவில் எண்ணெய்க் கம்பெனி வேலை. கடலுக்குள் போனால் பல நாள் திரும்ப மாட்டார். நான் சைகோனில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் அதே ஊரின் சோலோன் பகுதியில் ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதலாளியின் அப்பா புதுச்சேரிக்காரர், அம்மா வியட்நாமியர். அவர் பேசும் தமிழில் பாதி பிரெஞ்சு மிதக்கும். எங்கள் காரைக்கால் பழக்கத்தில் நான் அவரை முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டதும் மனிதருக்கு வாயெல்லாம் பல். அந்த ஒரு வார்த்தைக்காகவே வேலை கொடுத்தாரோ என்னவோ. ஸ்கேனர் பார்ப்பதும், கோளாறு இன்னது என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு.

அன்று காலை வந்தது ஒரு மீன் லாரி. வுங் டாவிலிருந்து ஐஸ் போட்ட மீனைச் சந்தைக்குக் கொண்டுவருகிற வண்டி. ஓட்டுகிறவளும் சொந்தக்காரியும் ஒரே பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவளை நான் 'சி' என்றுதான் கூப்பிட வேண்டும், அக்கா என்று பொருள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் லீவில் இருந்தபோது இதே வண்டியோடு, இதே பி0203 என்று வந்து, இங்கேயே மூன்றாவது இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது மறுபடியும் அதே எண். வண்டி குளிர் ஜுரம் வந்தமாதிரி உதறிக்கொண்டு நின்றது.

முசியே யோசிக்கவே இல்லை. "நாலு இன்ஜெக்டரையும் மாத்திடலாம். நாலும் போச்சுன்னு எழுதிக் கையெழுத்தப் போடும்மா."

"இன்னும் பாக்கவே இல்லையே முசியே?"

"கோட் நம்பர் வந்திருக்குல்ல? அப்புறம் என்ன பாக்குறது?"

தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற கதை. அதுவும் ஒன்றல்ல, நான்கு தலையணை. பொய்க்கு என் கையெழுத்து வேறு வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"போட மாட்டேன்."

மெக்கானிக்குகள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தமிழ் புரியாவிட்டாலும் சண்டை புரியுமே. முசியே முகம் சிவந்து, "மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். கண்டுபிடிக்கலன்னா கையெழுத்துப் போடு. இல்ல, நாளையிலேர்ந்து வராத" என்றார்.

மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்தேன். நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவு காட்டின. பழுது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் அதற்குள் நன்றாகச் சூடேறியிருந்தது. நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. வயரைப் பிடித்து ஆட்டினேன், வளைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. எழவு, வேண்டும்போது கோளாறும் வராது! மணி பதினொன்று ஆகிவிட்டது. ஒரு மெக்கானிக் என்னைப் பார்த்து வேண்டுமென்றே கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் அவளிடமே கேட்டேன். "சி, இது எப்பெப்ப உதறுது?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "பூஜை நாள்ல. மாசப் பிறப்பு, அப்புறம் பௌர்ணமி. இன்னிக்கும் சந்தைல மீனை இறக்கிட்டு, பூஜை போட்டுட்டுத்தான் நேரா வந்தேன். சாமிக்கு என்மேல கோபமோ என்னமோ."

இங்கே வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் பலர் நிலாக் கணக்குப்படி மாதம் இரண்டு தடவை வண்டிக்குப் பழமும் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுவார்கள். எனக்குள் ஏதோ தட்டியது. பாலிடெக்னிக்கில் ஓர் ஆயுத பூஜைக்கு நாங்கள் லேப் எஞ்சினை ஹோஸ் வைத்துக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அது இரண்டு நாள் கிளம்பவே இல்லை. பிரின்சிபால் கிழி கிழி என்று கிழித்தார்.

"பூஜைக்கு முன்னாடி எஞ்சினைக் கழுவுவீங்களா?"

"கழுவாமப் பின்னே? மீன் நாத்தத்தோட சாமி முன்னாடி நிறுத்துறதா? மூடியத் தூக்கிவிட்டு நல்லாப் பீச்சி அடிப்பேன்."

நான் நேராகப் போய்த் தண்ணீர் ஹோஸை எடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது இன்ஜெக்டர் பக்கம் பீச்சினேன். முசியே ஐயையோ என்று பாய்ந்து வந்தார். "பைத்தியமா உனக்கு?" அவர் கேட்டு முடிப்பதற்குள் வண்டி உதறியது. ஸ்கேனரில் பி0203.

பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வயர் நுழைகிற பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. உள்ளே தண்ணீர், செப்பு ஊசியின் அடியில் பச்சைப் பச்சையாய்க் களிம்பு. மீன் ஐஸின் உப்புத் தண்ணீர் பல நாளாக அரித்த இடம், ஒவ்வொரு குளியலுக்கும் சுற்றைக் கெடுத்திருக்கிறது, எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் ஒளிந்துகொண்டிருக்கிறது. பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டு, அதே இடத்தில் அதே ஹோஸால் ஆசை தீரப் பீச்சினேன். எஞ்சின் துளிகூட உதறாமல் ஓடியது.

"சரி சரி, கெட்டிக்காரிதான்" என்றார் முசியே. "பிளக் மாத்தினதுன்னு எழுதிட்டு வா. சாப்பிடலாம்."

அதோடு விட்டிருந்தால் அன்றைக்குச் சோறு, நாளைக்கு வேலை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் கழற்றிய அந்த இன்ஜெக்டர்? அதே வண்டி எண் எழுதிய சீட்டோடு அலமாரியில் இருந்தது. எடுத்து அளந்தேன். மற்ற நான்கும் காட்டிய அதே அளவு. ஜாப் ஷீட்டில் எழுதினேன்: 'பிளக் பழுது. மின்சுற்றுக் கோளாறுக்கும் இன்ஜெக்டருக்கும் சம்பந்தமில்லை. முன்பு மாற்றியது தேவையில்லாதது.' வியட்நாமியத்தில் எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன், ஆனால் பெரிதாக எழுதினேன்.

முசியே எட்டிப் பார்த்தார். "அந்தக் கடைசி வரிய அடி."

"அடிக்க மாட்டேன்."

"அத அவகிட்ட குடுத்தீன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

கீழே கையெழுத்துப் போட்டேன். ஷீட்டையும் பழைய இன்ஜெக்டரையும் அவள் கையில் வைத்தேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்து முசியேயைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மீட்டர் என் சொந்தக் காசில் வாங்கியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, இந்த ஊரில் இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று யோசிக்காமல் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். பின்னால் முசியே பாதித் தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி வியட்நாமியத்தில் திருப்பிக் கத்தினேன்.

"அந்த இன்ஜெக்டர் நல்லாத்தான் இருந்துச்சு, முசியே!"