பேரம் பேசாத வாடிக்கை

திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் இல்லம். வீட்டில் அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு கிளம்பி வந்த பெண்கள் சில மாதம் தங்கி, தேறிப் போகும் இடம். பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எதிலும் மூக்கை நுழைப்பவள் என்று எங்கள் சமையல்கார அம்மா என்னைச் சொல்வதில் பொய்யில்லை.

போன வருடம் ஒருத்தி ஏழு வயது மகளோடு வந்தாள். கல்யாணத்துக்கு முன் மீன் விற்றவள். புருஷன் முறித்த கை கூடியதும் என்னிடம் வந்து நின்றாள்.

"மறுபடி கூடை எடுக்கிறேங்கா. என் சம்பாத்தியத்துல ஒரு ரூம் புட்ச்சி, பாப்பாவ இட்டுனு போவணும்."

விடிவதற்குள் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் எங்கள் பக்கத்து மார்க்கெட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரிகள் அவளை அண்டவிடவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்துக் கட்டினவனையே ஜெயிலுக்கு அனுப்பினவள், பக்கத்தில் உட்கார்ந்தால் போணி ஆகாது என்று பேச்சு. கூடைகளை நெருக்கி வைத்துக்கொண்டார்கள். சாக்கடையோரம்தான் அவளுக்கு மிச்சம். வருகிறவர்களையும் "அவகிட்ட போவாதம்மா" என்று திருப்பிவிட்டார்கள்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போனால் அவளுக்குத்தான் கஷ்டம் என்று வேறு வழி பார்த்தேன். ஒரு நாள் சமையல்கார அம்மா, மறுநாள் தையல் டீச்சர், அப்புறம் தெரிந்த ஆட்டோக்காரர் என்று ஆள் மாற்றி ஆள் அனுப்பி அவளிடமே மீன் வாங்க வைத்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் கூடை காலி. இல்லத்தில் தினமும் சங்கரா மீன் குழம்பு. பிள்ளைகள் தயிர்சாதம் கேட்டு அழ ஆரம்பித்தார்கள். நான் மட்டும் பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் இருந்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வெறும் கூடையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீதான ஆள் அனுப்புற?"

"யார் சொன்னா?"

"ஒருத்தர் சொல்லணுமா? செவுளத் தூக்கிப் பாக்காம எவன் மீன் வாங்குவான்? சொன்ன வெலைய அப்டியே குட்த்துட்டுப் போறாங்கோ. பக்கத்துல கீறவளுங்கோ வாயப் பொத்திக்கினு சிரிக்கிறாளுங்கோ."

நல்லதுக்குக் காலமில்லை என்று கோபம்தான் முதலில் வந்தது. "உன் நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்" என்றேன்.

"அந்தாளும் இதையேதான் சொல்வான். என்னக் கேக்காம எல்லாம் பண்ட்டு, உன் நல்லதுக்குத்தான்னுவான்."

அவள் கத்தவில்லை. பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள். கையை முறித்த புருஷனோடு என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டாளே என்று வலித்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பது அதைவிட வலித்தது.

மறுநாளிலிருந்து யாரையும் அனுப்பவில்லை. மூன்று நாள் பாதி மீன் திரும்பி வந்தது. உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள் மனசு கேட்காமல் மார்க்கெட்டுக்குப் போய், எதிர் டீக்கடையில் நின்றேன். பைக்கில் வந்த ஒருவர் அவள் கூடையில் ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டார்.

"கட்டாதுய்யா."

"நாறிப்போன மீனுக்கு இதுவே ஜாஸ்தி."

"இன்னாது நாறிப்போச்சா? காலைல கடல்ல இருந்த மீனுய்யா இது!" அவள் குரல் டீக்கடை வரை கேட்டது. அவரும் விடவில்லை. "உன்ன மாதிரி பொம்பளைங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார்.

அடுத்த கூடைக்காரி, அவளை ஒதுக்கியவர்களில் முதல் ஆள், விருட்டென்று எழுந்தாள்.

"யோவ், இன்னா பேசுற? எங்க வரிசைல எவளும் நாறின மீனு விக்கமாட்டா. வாங்கினா வாங்கு, இல்லாங்காட்டி நடையக் கட்டு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் போனார். அந்தக் கூடைக்காரி தன் கூடையைக் காலால் ஒரு முழம் தள்ளினாள்.

"இந்தாண்ட நவுந்து குந்துமே. சாக்கடைல போய் குந்திக்கினு."

அவள் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நின்றதை அவள் பார்க்கவில்லை. அடுத்த ஆள் வந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்.